பத்து மணிக்கு மேல் பசித்தால்: எடை குறைப்பவர்களின் கேள்விகள், உணவியலாளரின் பதில்கள்

கும்பகோணத்திலிருந்து: எட்டு மணிக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னியோட சாப்பிட்டுடுறேன் மேடம். பத்தரைக்கெல்லாம் திரும்பப் பசி. ராத்திரி சாப்பிடுறது அப்படியே கொழுப்பாயிடும்னு சொல்றாங்களே?

எடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நாள் முழுக்க உள்ளே போன மொத்த அளவு. பத்தரைக்குத் தின்றதாலேயே ஒன்று கொழுப்பாகிவிடாது. ஆனால் அந்த நேரத்தில் கை மிக்சர் டப்பாவுக்குத்தான் போகும். 100 கிராம் மிக்சர் ஏறத்தாழ 500 கலோரி. முதலில் எட்டு மணித் தட்டை மாற்றுங்கள். அதில் புரதம் போதவில்லை, அதனால்தான் சீக்கிரம் பசிக்கிறது. இட்லியை மூன்றாக்கி, பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பார் ஒரு கிண்ணமோ அவித்த முட்டை ஒன்றோ சேருங்கள். அதன் பிறகும் பசித்தால் 150 கலோரிக்குள் தாராளமாகச் சாப்பிடலாம். பட்டினியோடு புரண்டு படுக்க வேண்டாம்.

மயிலாடுதுறையிலிருந்து: பொரி லேசானதுதானே, வயிறு நிறையத் தின்னலாமா?

கனம்தான் குறைவு. ஒரு கப் பொரி சுமார் 15 கிராம், 60 கலோரிக்குள் அடங்கும். 100 கிராம் பாக்கெட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டால் 400 கலோரி போவது தெரியாது. இரண்டு கப் பொரி, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, பொடியாக அரிந்த வெங்காயம், விதை நீக்கிய வெள்ளரி, நாலு சொட்டு எலுமிச்சை. எண்ணெய் தேவையில்லை. பொரியிலேயே உப்பு இருப்பதால் உப்பும் வேண்டாம். வெள்ளரியைச் சாப்பிடும்போதுதான் கலக்க வேண்டும், முன்பே கலந்தால் நமுத்துவிடும். நமுத்த பொரியை வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.

நாகப்பட்டினத்திலிருந்து: சுண்டல் நல்லதுன்னு செய்யுறோம். கடலை எவ்வளவு விசில் விட்டாலும் வேகலை. சாயங்காலம் செஞ்சது பத்து மணிக்குள்ள நூல் விட்டுடுது.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. கடலோர ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கடலைத் தோலை இளக விடாது. ஊறப்போடவும் வேகவைக்கவும் குடிக்கிற நல்ல தண்ணீரையே எடுங்கள். பத்து மணி நேரம் ஊறட்டும், தண்ணீரை ஒரு முறை மாற்றுங்கள். குக்கரில் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம் விடுங்கள். அப்படியும் கல்லாக இருந்தால் அது பழைய சரக்கு; கடையை மாற்ற வேண்டியதுதான்.

நூல் விடுவதற்குக் காரணம் தேங்காய்த் துருவலும், சூடாக மூடி வைப்பதால் கோர்க்கும் நீரும். வெந்த கடலையை நன்றாக வடித்து, ஆறவிட்டு, தாளிக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். தேவைப்படும்போது அந்த வேளைக்கு மட்டும் தாளித்து, கடைசியில் தேங்காய் தூவுங்கள். ஒருவருக்குக் காய்ந்த கடலை 30 கிராம் போதும். 110 கலோரி, 6 கிராம் புரதம். மூன்று பேருக்கு எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

இரவுக்கு என்னைக் கேட்டால் பாசிப்பயறே மேல். நாலு மணி நேரம் ஊறினால் போதும், வாயுத் தொல்லையும் பலருக்குக் குறைவு. சம்பா, தாளடி நெல் அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் வயல் ஈரத்தில் விதை தெளித்து விளைவிக்கிற நம் வயல் பயறு பங்குனி, சித்திரையில் புதுசாகவே கிடைக்கும்.

மன்னார்குடியிலிருந்து: கொள்முதல் நிலையத்தில் ராத்திரி நெல்லுக்குக் காவல். டீ நாலு, பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா. தொப்பை போகவே மாட்டேங்குது.

நீங்கள் விழித்து வேலை பார்ப்பவர், உங்களுக்கு நொறுக்குத் தீனிக் கணக்கு பொருந்தாது. ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். கிளம்புமுன் சோறு, கூட்டு, முட்டை. நடுராத்திரிக்குத் தோலோடு வறுத்த வேர்க்கடலை. பருப்பாக 30 கிராம் வரும்படி வீட்டிலேயே அளந்து எடுத்துப் போங்கள். அது 170 கலோரி. இரண்டு பரோட்டா சால்னாவோடு 600 தாண்டும். உரித்த முட்டையை டப்பாவில் போட்டுப் போகாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கெட ஆரம்பிக்கும். டீக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாலு டீக்குச் சர்க்கரை மட்டுமே 150 கலோரிக்கு மேல். காலை ஏழுக்குப் படுப்பவர் என்றால் இரவு ஒரு மணிக்குப் பிறகு டீ வேண்டாம், தூக்கம் கெடும்.

திருவாரூரிலிருந்து: அப்பா சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுறாங்க. எடை குறையணும்னு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. ரெண்டு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி எழுந்திருக்காங்க. அந்த நேரத்துக்கு என்ன குடுக்கலாம்?

இதைச் சாதாரணப் பசி என்று நினைக்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் திரும்பக் கொடுங்கள். கருவி கையில் இல்லாவிட்டாலும் சர்க்கரைத் தண்ணீருக்குத் தாமதிக்காதீர்கள். பிஸ்கட்டும் கடலையும் அந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அளவு ஏறிய பிறகு இரண்டு இட்லி கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இன்றிலிருந்தே இரவுச் சாப்பாடு வேண்டும். எடை குறைப்பதைப் பற்றி மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அளவை அவர் மாற்றட்டும்.

திருவையாற்றிலிருந்து: அசோகா அல்வா பாசிப்பருப்பில்தானே செய்யுறாங்க, புரதம்தானே?

பருப்பைவிட அதில் சர்க்கரை அதிகம், நெய் தனி. மத்தியானம் ருசிக்கு ஒரு கரண்டி சாப்பிடுங்கள். ராத்திரி இனிப்பு கேட்டால் சின்னப் பூவன்பழம் ஒன்று போதும்.