பழைய சுவிட்சில் ஐஓஎஸ் மாற்றலாமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கோடு கம்ப்யூட்டர் வேலையையும் நான்தான் பார்க்கிறேன். எங்களிடம் இருப்பது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-24டிடி-எல் சுவிட்ச் (கணினி, கேமரா, வைஃபை எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கும் பெட்டி), அதில் ஓடும் சிஸ்கோ மென்பொருள் ஐஓஎஸ் 12.2(55)எஸ்இ. போட்டுக் கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை. கேமரா மாட்ட வந்தவர் "ரொம்பப் பழைய வெர்ஷன், உடனே அப்கிரேட் பண்ணிடுங்க" என்கிறார். நானே செய்யலாமா? செய்தால் நெட் வேகம் கூடுமா? பாதியில் கரண்ட் போனால் சுவிட்ச் செத்துவிடுமா?

பதில்: முதலில் வேகம். கூடாது. உங்கள் மாடலில் 24 போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்தான், ஓரத்தில் இருக்கும் இரண்டு மட்டும் கிகாபிட். எந்த ஐஓஎஸ் போட்டாலும் அது மாறாது. வைஃபை இழுக்கிறது என்பதற்காக இதில் இறங்குவதாக இருந்தால் இறங்கவே வேண்டாம்.

அப்கிரேடுக்கு உண்மையான காரணம் பாதுகாப்பு. இந்த சுவிட்சுகளில் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்று ஒரு வசதி (புது சுவிட்சைத் தொலைவிலிருந்தே அமைப்பதற்கு), யாரும் கேட்காமலே திறந்து கிடக்கும், டிசிபி 4786 போர்ட்டில் (இது கேபிள் சொருகும் போர்ட் அல்ல, நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் கதவு எண்). அதிலிருக்கும் ஒரு பெரிய ஓட்டை 2018 மார்ச்சில் வெளியே வந்தது. அத்தனை வருடம் கழித்து 2025 ஆகஸ்டிலும் அதே ஓட்டை வழியாகப் பழைய சுவிட்சுகளுக்குள் ஆட்கள் நுழைகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விட்டது. நம் மலை விடுதியை எவன் தேடப்போகிறான் என்று நினைக்காதீர்கள், இதைத் தேடுவது ஆளில்லை, வரிசையாக எல்லா முகவரியையும் தட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்ட். அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் விருந்தினர் வைஃபை. தங்க வருகிறவரின் போனும் சுவிட்சின் மேனேஜ்மென்ட் ஐபியும் (சுவிட்சை நிர்வகிக்க உள்ளே போகும் முகவரி) ஒரே விலானில் (ஒரு சுவிட்சுக்குள்ளேயே பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) இருந்தால், தாக்குகிறவர் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இதை மூட அப்கிரேட் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். கான்ஃபிக் மோடில் (சுவிட்சின் அமைப்பை மாற்றும் நிலை) 'நோ விஸ்டாக்' (no vstack) என்று கொடுங்கள். உங்கள் வெர்ஷன் அந்தக் கட்டளையை ஏற்கவில்லை என்றால் ஓர் ஏசிஎல் (எது உள்ளே வரலாம், எது கூடாது என்ற விதி) போட்டு 4786-ஐ அடைத்துவிடுங்கள். தொலைவிலிருந்து சுவிட்சுக்குள் போக, எதையும் மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை நிறுத்தி, மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் மட்டும் வையுங்கள் (ஐஓஎஸ் கோப்பின் பெயரில் கே9 என்று இருந்தால்தான் எஸ்எஸ்எச் இருக்கும்). பிரவுசரில் சுவிட்சை நிர்வகிக்கும் வெப் பக்கம் தேவையில்லை என்றால் 'நோ ஐபி எச்டிடிபி சர்வர்'. புதிய ஐஓஎஸ் போட்ட பிறகும் இவை இப்படியே இருக்கட்டும்.

சரி, அப்கிரேடுக்கு வருவோம். உங்கள் மாடலுக்குக் கடைசியாக வந்தது 15.0(2)எஸ்இ வரிசை. இதற்கு சிஸ்கோவின் ஆதரவு 2019-லேயே முடிந்துவிட்டது, அதனால் கோப்பைப் பெறுவதுதான் இதில் பெரிய வேலை. சுவிட்சை விற்ற டீலரிடமோ, சிஸ்கோ ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனத்திடமோ முறையாகக் கேளுங்கள். டெலிகிராம் குழுவில் கிடைத்தது, யாரோ டிரைவில் போட்டு வைத்தது என்று எடுத்து ஏற்றாதீர்கள், பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையில் ஊர் பேர் தெரியாத கோப்பை நம்புவதில் அர்த்தமே இல்லை. நம்பகமான கோப்பு கிடைக்கவில்லையா, மேலே சொன்ன கதவுகளை மூடிவிட்டு பழைய ஐஓஎஸ்ஸிலேயே ஓட்டுங்கள், அடுத்த பட்ஜெட்டில் புது சுவிட்ச் கேளுங்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

கோப்பு கிடைத்துவிட்டது என்றால், ஏற்றுவதற்கு முன் சுவிட்சை நேராக லேப்டாப்போடு இணைக்கும் கான்சோல் கேபிளைக் கையில் வையுங்கள், வெளிர் நீலத்தில் தட்டையாக இருக்குமே, அதுவேதான், கூடவே லேப்டாப்புக்கு ஒரு யுஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர். புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் 9600 வேகத்தில் திறந்து, எழுத்து வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. நெட்வொர்க் வழியாக மட்டும் உள்ளே போகத் தெரிந்தவர் இதைச் செய்யக் கூடாது என்பேன், சுவிட்ச் எழும்பாத நேரத்தில் அந்த வழி இருக்காது.

அடுத்தது பேக்கப். ரன்னிங் கான்ஃபிக்கை (இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு) எடுத்து வைப்பார்கள், அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். விடிபி (விலான் பட்டியலை சுவிட்சுகளுக்கிடையே பகிரும் முறை) சர்வர் மோடில் இருக்கும் சுவிட்சில் விலான் பட்டியல் அந்தக் கான்ஃபிக்கில் இருக்காது, சுவிட்சின் சேமிப்பு நினைவகமான ஃபிளாஷில் விலான்.டாட் (vlan.dat) என்ற தனிக் கோப்பில் இருக்கும். அதையும் எடுங்கள். சுவிட்ச் எழும்பும்போது படிக்கும் உங்கள் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கும் இதே ஃபிளாஷில்தான், கான்ஃபிக்.டெக்ஸ்ட் என்ற பெயரில் கிடக்கிறது. இடம் போதவில்லை என்று ஃபிளாஷை ஃபார்மேட் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள், எல்லாம் சேர்ந்து போய்விடும்.

மொத்த ஃபிளாஷ் 32 எம்பி. புதிய ஐஓஎஸ் கோப்பு (.bin) பத்துப் பன்னிரண்டு எம்பி வரும், 'டிர் ஃபிளாஷ்' கொடுத்துப் பார்த்தால் பழையதோடு இதுவும் பெரும்பாலும் கொள்ளும். வெப் பக்கமெல்லாம் சேர்ந்த டார் (.tar) கோப்பு வேண்டாம், இடத்தைத்தான் அடைக்கும். கோப்பை சுவிட்சுக்கு அனுப்ப லேப்டாப்பில் டிஎஃப்டிபி சர்வர் ஓடட்டும், விண்டோஸ் ஃபயர்வால் யுடிபி 69-ஐத் தடுக்கும், அதைக் கவனியுங்கள். காப்பி முடிந்ததும் கோப்பு மாறாமல் வந்ததா என்று பார்க்க 'வெரிஃபை எம்டி5' (verify /md5) கொடுத்து, வரும் எண்ணை சிஸ்கோ வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு வேண்டாம்.

அப்புறம் 'பூட் சிஸ்டம்' வரி, எந்தக் கோப்பிலிருந்து எழும்ப வேண்டும் என்று சுவிட்சுக்குச் சொல்வது. புதிய கோப்பின் பாதையைக் கொடுத்து, அரைப்புள்ளி போட்டு, அதே வரியில் பழைய கோப்பின் பாதையையும் கொடுங்கள். புதியதை லோட் செய்ய முடியாவிட்டால் சுவிட்ச் தானாகப் பழையதற்குப் போகும். பழைய கோப்பு ஒரு ஃபோல்டருக்குள் இருக்கலாம், பாதை முழுசாக இருக்க வேண்டும். 'ஷோ பூட்' கொடுத்து எழுத்துப் பிழை இல்லையா என்று நிதானமாகப் பாருங்கள், சேவ் செய்யுங்கள்.

எப்போது ரீலோடு (ரீஸ்டார்ட்) செய்வது? நடு ராத்திரியில் எல்லோரும் தூங்கும்போது என்பார்கள், உங்கள் விஷயத்தில் நான் அதற்கு எதிர். பல வருடமாக அணையாமல் ஓடிய பெட்டி ரீலோடில் எழும்பாமல் போவது நடக்கக்கூடியதுதான், அப்படிப் போனால் மாற்று சுவிட்ச் வாங்க இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போக வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும். வார நாளில், ஆட்கள் அறையைக் காலி செய்து போன பிறகு, காலை பதினோரு மணி வாக்கில் செய்யுங்கள். கோடை விழா சமயமும், இடி மின்னல் அடிக்கும் சித்திரை, வைகாசி மாலைகளும் வேண்டாம். முடிந்தால் ஒரு சாதாரண சுவிட்சை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், ஆனால் அதில் விலான் பிரிக்க முடியாது, பில்லிங் கணினிகளை மட்டும் அதில் சொருகி ஓட்டலாம்.

கரண்ட் பற்றிக் கேட்டீர்கள். காப்பி நடக்கும்போது போனால் புதிய கோப்பு அரைகுறையாக நிற்கும், அவ்வளவுதான், பழையது பத்திரமாக இருக்கும், அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம். உண்மையில் பயப்பட வேண்டியது ரீலோடுக்குப் பிறகு வரும் முதல் பூட். சில மாடல்களில் அப்போது மைக்ரோகோடும் (சிப்புக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாறும், வழக்கத்தைவிட நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று நினைத்து யாராவது பிளக்கைப் பிடுங்கினால் அங்கேதான் சிக்கல். சுவிட்சை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, கான்சோல் திரையைப் பார்த்துக்கொண்டு, கை வைக்காமல் காத்திருங்கள்.

எல்லாம் மீறி 'சுவிட்ச்:' என்ற வரியில் வந்து நின்றாலும் பெட்டி சாகவில்லை. 'ஃபிளாஷ் இனிட்' (flash_init) கொடுங்கள், பிறகு 'டிர் ஃபிளாஷ்' கொடுத்தால் பழைய கோப்பு தெரியும், 'பூட்' என்று அதன் முழுப் பாதையைக் கொடுத்தால் எழும்பிவிடும். எந்தக் கோப்புமே இல்லை என்றால்தான் எக்ஸ்மோடம் வழி, அதாவது கான்சோல் கேபிள் வழியாகவே கோப்பை ஏற்றுவது. 9600 வேகத்தில் 12 எம்பி ஏற மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், 'செட் பாட் 115200' (set BAUD 115200) கொடுத்து புட்டியிலும் வேகத்தை மாற்றினால் இருபது நிமிடத்துக்குள் அடங்கும். முடிந்ததும் 'அன்செட் பாட்'.

எழும்பியதும் 'ஷோ வெர்ஷன்', 'ஷோ விலான்' பாருங்கள், ரிசப்ஷன் பில்லிங், கேமரா, வைஃபை மூன்றையும் கையால் சோதியுங்கள். பழைய கோப்பு இடத்தை அடைத்துக்கொண்டு ஒன்றும் கெடுக்கவில்லை என்றால் அழிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.