வீட்டில ஆர்கேட் கேம் பெட்டி ஒண்டு செய்யிறன், பழைய கொம்பியூட்டர்தான் உள்ளுக்க, எந்த லோஞ்சர் போடலாம்?

பட்டோசெரா போடுங்கோ. லோஞ்சர் எண்டா கேமுகளை லிஸ்டாக் காட்டி, தெரிஞ்செடுத்ததைத் தொடக்கித் தாற புரோகிராம். நான் வேற ரெண்டு போட்டுப் பாத்துத்தான் இதில வந்து நிண்டனான், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

என்ர பெட்டி கோப்பாயில ஒரு ஓடாவி அண்ணை பிளைவுட்டில அடிச்சுத் தந்தது, உள்ளுக்க உங்கட மாதிரித்தான், ஒபிஸில கழிச்சுவிட்ட கொம்பியூட்டர். முதல் விண்டோஸில லோஞ்ச்பொக்ஸ் போட்டனான். ஒவ்வொரு கேமுக்கும் படமெல்லாம் தானா இறக்கித் தரும், பாக்க அவ்வளவு வடிவு. ஆனா முழுத்திரையில ஜோய்ஸ்டிக்கால ஓட்டுற பிக்பொக்ஸுக்குக் காசு கட்டவேணும், அதையும் யோசிச்சுக்கொண்டு இருக்கேக்க அக்கான்ர மகன், ஏழு வயசு, பக்மான் விளையாடிப்போட்டு வெளியில வரத் தெரியாம ஆறு பட்டனையும் மாறி மாறி அமத்திப் பாத்திட்டு "மாமா, கீபோர்ட் எங்க?" எண்டு கேட்டான். மேம் எண்டது பழைய ஆர்கேட் கேமுகளைக் கொம்பியூட்டரில ஓட்டுற புரோகிராம், அதில வெளியில வாறதுக்கு எஸ்கேப் கீ, அதை நான் பட்டனுக்கு மாத்தி வைக்கேல்ல. அண்டையில இருந்து நான் ஒரு லோஞ்சரைப் பாத்தா முதல் பாக்கிறது இதைத்தான்: கீபோர்ட்டைத் தொடாம ஒரு சின்னப்பிள்ளை கேமுக்க போய் வெளியில வர ஏலுமோ?

பிறகு ராஸ்பெர்ரி பை எண்ட கையளவு கொம்பியூட்டரில ரெட்ரோபை போட்டனான். நல்ல சாமான், பிழை சொல்ல மாட்டன். ஆனா 2022இல கரண்ட் நிண்டு நிண்டு போன காலம் தெரியும்தானே, விளையாடிக்கொண்டு இருக்கேக்க டப்பெண்டு நிண்டு, மெமரி காட்டில எழுதிக்கொண்டிருந்தது அரைகுறையாப் போய், அடுத்த நாள் பெட்டி எழும்பவே இல்லை. யாழ்ப்பாணத்தில பெட்டி வைக்கிற ஆக்கள் ஒரு சின்ன யூபிஎஸ்ஸுக்கும் உள்ளுக்க இடம் விடுங்கோ, எந்த லோஞ்சர் எண்டாலும்.

பட்டோசெராவை ஒரு பென்ட்ரைவில எழுதி அதில இருந்தே பூட் பண்ணலாம், ஹார்ட் டிஸ்கில கிடக்கிறதை அது தொடாது. சிஸ்டம் முழுக்கச் சுருக்கின ஒரே பைலா, எழுத ஏலாத மாதிரி இருக்கிறதால கரண்ட் போனாலும் அது லேசில பழுதாகாது, உங்கட கேம், சேவ் கிடக்கிற பகுதிக்குத்தான் பயம். ஜோய்ஸ்டிக் பட்டனுகளைக் காட்டிக் குடுக்கேக்க ஹொட்கீ எண்டு ஒண்டு கேக்கும், அதுக்குக் கொயின் பட்டனைக் குடுங்கோ. கொயினையும் ஸ்டார்ட்டையும் சேர்த்து அமத்தினாக் கேமை விட்டு வெளியில வந்திடும். மருமகன் ஒருக்காக் காட்டினதோட பிடிச்சிட்டான். எல்லாம் சரி வந்தாப் பிறகு கியோஸ்க் மோட் போட்டுவிடுங்கோ, செட்டிங்ஸ் மெனு மறைஞ்சிடும், ஆரும் தெரியாமக் கை வைக்கேலாது.

விண்டோஸ்தான் வேணும் எண்டா அட்ராக்ட் மோட் பாருங்கோ, இலவசம், பழைய மெஷினிலயும் ஓடும், திரையைச் சரிச்சு நிமித்தி வைக்கிற பெட்டிக்கும் பொருந்தும். பக்மான், டோங்கி கோங் எல்லாம் நிமிந்த திரைக்கு எண்டே செய்தது.

கேம் தொடங்காட்டி உடன லோஞ்சரைப் பேசாதேங்கோ. பாதிக்கு மேல கோளாறு ரொம் செட்டில, அதாவது கேம் பைலுகளின்ர தொகுப்பில. மேம் 2003 எண்ட கோருக்கு, அதாவது மேமின்ர பழைய பதிப்புக்கு, 0.78 எண்ட பதிப்பின்ர செட்தான் பொருந்தும், புதுச் செட்டைப் போட்டா கறுப்புத் திரை வந்திட்டுத் திரும்பிப் போயிடும். ஸிப் (zip) பைலை விரிக்கப்படாது, அப்பிடியே போடுங்கோ. மெட்டல் ஸ்லக் மாதிரி நியோ ஜியோ கேமுகளுக்கு அந்த மெஷினைத் தொடக்கிற நியோஜியோ எண்ட பயோஸ் ஸிப் பைலும் பக்கத்தில இருக்கவேணும், நான் இது தெரியாம ரெண்டு இரவு மினக்கெட்டனான். கேமுகளையும் ஆயிரக்கணக்கில கொட்டாதேங்கோ, பிள்ளையள் விளையாடுறதை விட்டிட்டு லிஸ்டைத்தான் உருட்டிக்கொண்டு நிக்குங்கள். என்ரயில இப்ப நாப்பதுதான்.

இன்னொண்டு, பலகை வெட்டுறதுக்கு முதல் கொயின் பட்டனுக்கும் ஸ்டார்ட் பட்டனுக்கும் தனித்தனியா ஓட்டை குறிச்சு வையுங்கோ. பெட்டி பூட்டினாப் பிறகு ஓட்டை போடுறது பெரிய கரைச்சல்.