வெந்நீர் ஊற்றில் குமிழிடுவது எது?

கேள்வி: மேற்கு வங்கத்தின் பக்ரேஸ்வர் கோயிலுக்குச் சென்றிருந்தோம். சுற்றுவட்டாரத்தில் எரிமலை ஏதும் இல்லாதபோதும் அக்கினி குண்டத்து நீர் கையை வைக்க முடியாதபடி சுடுகிறது. அடியிலிருந்து குமிழிகள் ஓயாமல் எழுகின்றன. நிலத்தடியில் கந்தகம் எரிவதே காரணம் என்றார் வழிகாட்டி. சரிதானா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. கந்தகம் எரிய ஆக்சிஜன் வேண்டும். அவ்வளவு ஆழத்தில் அதற்கு வழியில்லை. அழுகிய முட்டையைப் போல் நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்ம வாயு துளியளவு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால், வெந்நீர் ஊற்று எங்கிருந்தாலும் பழி கந்தகத்தின் மீது விழுகிறது.

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். கோலார் தங்கச் சுரங்கத்தில் இந்தக் கணக்கு பொய்த்தது: 3 கிலோமீட்டர் ஆழத்திலும் பாறையின் சூடு 65 டிகிரியை ஒட்டியே இருந்தது. அங்குள்ள மிகத் தொன்மையான பாறைகளில் யுரேனியமும் தோரியமும் குறைவு. பூமியின் வெப்பத்தில் கணிசமான பங்கு இவற்றின் கதிரியக்கச் சிதைவால் வருவது. பக்ரேஸ்வரில் மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, ஆறுவதற்குள் வேறொரு பிளவின் வழியே மேலே வந்துவிடுகிறது.

குமிழிகளின் கதை இதைவிடச் சுவையானது. அவற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அதாவது, மழைநீரில் கரைந்து கீழே போன நமது காற்றுதான். உடன் சென்ற ஆக்சிஜனைப் பாறைக் கனிமங்கள் பிடித்துக்கொள்ள, எதனோடும் எளிதில் சேராத நைட்ரஜன் போனபடியே திரும்புகிறது. ஆனால் அந்த வாயுவில் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் ஹீலியம் உள்ளது. காற்றிலோ பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான். ஏறக்குறைய 2,000 மடங்கு மிகுதியான இது வானத்திலிருந்து வந்திருக்க முடியாது. யுரேனிய, தோரிய அணுக்கள் சிதையும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கருவே. பாறையைச் சூடாக்கும் அதே நிகழ்வுதான் இந்த வாயுவையும் பிறப்பிக்கிறது.

இவ்வாறு பாறையில் பிறந்த ஹீலியத்தில் ஹீலியம்-3 என்ற ஐசோடோப்பு, அதாவது எடை குறைந்த ஹீலியம் அணு வகை, மிகமிகக் குறைவு. ஐஸ்லாந்து போன்ற எரிமலை நாட்டு ஊற்றுகளில், பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசம் என்ற அடுக்கிலிருந்து வரும் ஹீலியத்தில் அதன் விகிதம் காற்றில் உள்ளதைப் போல் எட்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். ஊற்றுக்கு அடியில் எரிமலைக் குழம்பு உண்டா என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள், நீரைத் தொட்டுப் பார்ப்பதைவிட ஒரு குப்பி வாயுவைப் பிடித்துச் செல்வதையே விரும்புவது இதனால்தான்.