பாரபட்சமும் ஈர்ப்பும்

கேள்வி: எலெக்ட்ரான், நியூட்ரினோ, ஒளித்துகள் என்று எல்லாவற்றையும் ஈர்ப்பு விசை பாரபட்சம் இல்லாமல் ஒரே மாதிரி இழுக்கிறதா?

பதில்: பாரபட்சம் என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகவே இந்தக் கடிதத்தை எடுத்தேன். சிபாரிசு செல்லாத இலாகா இயற்கையிலேயே ஈர்ப்பு ஒன்றுதான். மின்விசை, பிளஸ்ஸா மைனஸா என்று விசாரித்துவிட்டுத்தான் பக்கத்தில் சேர்க்கும். அணுக்கருவைக் கட்டிப் பிடித்திருக்கும் வலிய விசை இன்னும் மோசம்: அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க், குளுவான் என்ற நுண்துகள்களின் குடும்பத்துக்கு வெளியே பெண் எடுக்காது, கொடுக்காது. ஈர்ப்பு மட்டும்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை.

அத்தாட்சி? பக்கத்து விண்மீன் கூட்டமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது 1987இல் நமக்குத் தெரிந்தது. நியூட்ரினோவும் ஒளியும் சுமார் 1,60,000 ஆண்டுகள் பயணம் செய்து, சில மணி நேர இடைவெளியில் வந்து சேர்ந்தன. நம் பால்வெளியின் ஈர்ப்பால் வழியில் மாதக்கணக்கில் தாமதம் ஆகியிருக்கும். இரண்டுக்கும் அது ஏறக்குறைய ஒரே தாமதம்! தனி எலெக்ட்ரான்தான் சண்டி. துளி மின்புலம் எங்கிருந்தாவது கசிந்தால் போதும், அதன் எடை தெரியாமல் போய்விடும்.

எதிர்ப்பொருள் (சாதாரணப் பொருளுக்கு நேரெதிர் மின்னூட்டம் கொண்ட இரட்டை) மேல்நோக்கி விழும், புஷ்பக விமானம் அதில்தான் பறந்தது என்று மாதம் தவறாமல் எனக்கு எழுதும் அன்பர் கவனிக்கவும். 2023இல் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தச் சிறையிலிருந்து விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கீழே விழுந்தன. அளவில் இன்னும் துல்லியம் போதாது, சரி, திசையில் சந்தேகமில்லை. அடுத்த கடிதத்தில் எரிபொருளை மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருள் எதுவானாலும் ஈர்ப்பு ஒன்றே என்பதை முறுக்குத் தராசால் (மெல்லிய கம்பி முறுகுவதை வைத்து நுண்ணிய விசையை அளக்கும் கருவி) அபாரத் துல்லியத்தோடு காட்டியவர் ஹங்கேரியின் லோராண்ட் ஏட்வெஷ். வேடிக்கை என்னவென்றால், பாரபட்சமில்லை என்று நிரூபித்த இந்த மனிதர் 1894இல் கல்வி மந்திரி ஆனார். அவருடைய அப்பாவும் முன்பு அதே இலாகாவின் மந்திரி! வாரிசு அரசியலைத் திட்டி இந்தப் பக்கத்தில் நான் எழுதாத மாதமில்லை; இவரை மட்டும் விட்டுவிடுகிறேன். பதவி ஓர் ஆண்டுகூட நீடிக்கவில்லை. முன்னாள் மந்திரி அடுத்த பதவிக்கு ஆள் பிடிக்கப் போகாமல், 1901 குளிர்காலத்தில் உறைந்து கிடந்த பலாட்டன் ஏரியின் மேல் தராசைக் கொண்டுபோய் வைத்து ஈர்ப்பை அளந்துகொண்டிருந்தார்.