மேடை நடனத்துக்கு எந்தக் கேமரா: 24 மெகாபிக்சலா, 33ஆ?

கேள்வி: மகள் மேடையில் நடனம் ஆடுகிறாள், அதைப் படமெடுக்கக் கேமரா வாங்க வேண்டும். இரண்டு மாடல்களை அட்டவணை போட்டு ஒப்பிட்டேன். ஒன்று 24 மெகாபிக்சல், மற்றது 33. ஃபோகஸ் புள்ளிகள், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), தொடர் படவேகம் எல்லாவற்றிலும் இரண்டாவதுதான் மேலே. அதை வாங்கினால் லென்ஸுக்குப் பணம் மிஞ்சாது. கூட வரும் கிட் லென்ஸே போதுமா?

பதில்: போதாது. உங்கள் அட்டவணையில் லென்ஸுக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால் உங்கள் படத்தைத் தீர்மானிக்கப் போவது அதுதான்.

ஆடுகிறவரின் கை கால் கலங்காமல் விழ ஷட்டர் 1/500 வினாடிக்குள் திறந்து மூட வேண்டும். மேடை வெளிச்சமோ கண்ணுக்குத் தெரிகிற அளவு கேமராவுக்குப் போதாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவர ஜூம் செய்தால் கிட் லென்ஸின் துளை பெரும்பாலும் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒன்றில் ஐஎஸ்ஓ 12800 கேட்கும் காட்சி, மற்றதில் 1250 பக்கம் முடிந்துவிடும். ஐஎஸ்ஓ ஏற ஏறப் படம் மணல் தூவியதுபோல் ஆகும். எந்த பாடியை (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை) மாற்றினாலும் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது.

24க்கும் 33க்கும் உள்ள வித்தியாசம் அகலவாக்கில் சுமார் 6000 புள்ளியா, 7000 புள்ளியா என்பதுதான். 4கே டிவியே 3840 புள்ளிதான் காட்டும். உச்ச ஐஎஸ்ஓ என்று போடுகிற எண்ணில் எடுத்த படத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. வினாடிக்கு 30 படம் என்றால், கேமராவின் உள் மெமரி நிரம்பித் திணறுவதற்கு முன் எத்தனை வினாடி அந்த வேகம் நீடிக்கும் என்று கேளுங்கள். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், மகளின் அசைவை அல்ல.

இருட்டிலும் ஃபோகஸ் செய்யும் என்று மைனஸ் 6 ஈவி (வெளிச்ச அளவு; எண் இறங்க இறங்க இருட்டு) போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அடிக்குறிப்பைத் தேடிப் படித்தால், எஃப் 1.2 லென்ஸ் மாட்டி அளந்தது என்று பொடி எழுத்தில் கிடக்கும். உங்கள் கிட் லென்ஸில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பேட்டரி எத்தனை படம் தாங்கும் என்பதற்குப் பொது அளவுமுறை வைத்திருக்கிறார்கள். ஓடுகிற ஆளை ஃபோகஸ் எவ்வளவு நேரம் விடாமல் பிடிக்கும் என்பதற்கு எல்லா நிறுவனமும் ஏற்ற அளவுமுறை இல்லை. உங்களுக்கு வேண்டியதோ இந்த ஃபோகஸ் கணக்குதான். அதனால்தான் ஃபோகஸ் புள்ளிகளை எண்ணிக் காட்டி ஒப்பேற்றுகிறார்கள்.

ஒப்பீட்டுத் தளங்களின் ‘வெற்றியாளர்’ முத்திரையை நம்பாதீர்கள். அங்கே ‘வாங்க’ பொத்தானை அழுத்தி நீங்கள் வாங்கினால் பல தளங்களுக்குக் கமிஷன். கடைக்காரர்களிலும் ஒரு ரகம் உண்டு. பாடி விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு, பெட்டிக்குள் தயாரிப்பாளர் வைத்த பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்துத் தனியாக விற்பார்கள். அப்புறம் ஃபில்டர், ஆடுகிற டிரைபாட், லென்ஸின் முன்னால் திருகி மாட்டும், தூரத்தைக் கிட்டக் காட்டும் ‘டெலி’ கண்ணாடி என்று ஒரு மூட்டை. உள்ளூர் வாரண்டி இல்லாத சரக்கும் இப்படித்தான் மலிவாக வரும். பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு சரிபாருங்கள். வாரண்டி தருவது தயாரிப்பாளரா, கடையா என்று எழுதி வாங்குங்கள்.

ஸ்பெக் ஷீட்டை (தயாரிப்பாளர் தரும் அம்சப் பட்டியலை) அறவே ஒதுக்க வேண்டாம். இருக்கா, இல்லையா என்ற கேள்விக்கு அது உதவும். முழு நிகழ்ச்சியையும் வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்றால், தொடர்ந்து எத்தனை நிமிடம் பதிவாகும் என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். முன்பு ஐரோப்பிய சுங்க விதியில் 30 நிமிடம் பதிவு செய்யும் கேமரா வீடியோ கேமரா கணக்கில் போனது, வரி கூடியது. அதற்காகப் பல கேமராக்களை 29 நிமிடம் 59 வினாடியில் நிற்கும்படி செய்தார்கள். பழைய மாடல்களில் இன்னும் அந்த வரம்பு உண்டு. உச்சக் கட்டத்தில் பதிவு நின்றால் அந்த ஆட்டம் போனதுதான். வரம்பு இல்லை என்று போட்டிருந்தாலும் சூடேறி நிற்கிற ரகம் உண்டு. அதை ஷீட் சொல்லாது, ஒரு மணி நேரம் ஓடவிட்டால்தான் தெரியும். மைக் சாக்கெட், இரண்டு கார்டு இடம் இதெல்லாம் இருக்கா, இல்லையா என்பதை ஷீட்டிலேயே பார்த்துவிடலாம்.

சரி, இனி செய்ய வேண்டியது. 24 மெகாபிக்சல் பாடியை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் 85 மிமீ எஃப் 1.8 வாங்குங்கள். பின்வரிசையில்தான் இடம் கிடைக்கும் என்றால் அது எட்டாது, 70-200 மிமீ எஃப் 2.8 ஜூம் லென்ஸ் பழையதாகக் கிடைக்கிறதா பாருங்கள். வாங்குமுன் அந்த ஜோடியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒத்திகைக்குக் கொண்டுபோங்கள். வாடகை கிடைக்காவிட்டால் உங்கள் மெமரி கார்டைக் கடைக்குக் கொண்டுபோய், வெளிச்சம் குறைந்த மூலையில் ஒருவரை வேகமாக நடக்கவிட்டு எடுத்து, வீட்டில் பெரிய திரையில் கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கார்டு போட விடாத கடையில் வாங்காதீர்கள்.