நாற்காலி இருக்கிறது, காசு இல்லை

கேள்வி: அமெரிக்க அரசில் இணையப் பாதுகாப்புக்குத் தலைமை வகிப்பவர்கள் நடுவழியில் ராஜினாமா செய்கிறார்களே, சம்பளம் போதவில்லையா?

பதில்: சம்பளம் மட்டும் என்றால் சுலபம். ராட் பெக்ஸ்ட்ரோமை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தேசிய இணையப் பாதுகாப்பு மையத்துக்கு 2008 மார்ச்சில் தலைவரானார். ஓராண்டில் விலகல் கடிதம். மையத்துக்கு அந்த ஓராண்டில் கிடைத்தது 5 வாரச் செலவுக்கான பணம்தான் என்று அதில் எழுதினார். ஐந்து வாரம்! விருந்துக்கு அழைத்துவிட்டு இலை மட்டும் போட்ட கதை.

அதைவிடப் பெரிய குறை, உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ஆதிக்கம். அரசு நெட்வொர்க்குகளின் காவலும் கண்காணிப்பும் ஒரே அமைப்பின் கையில் போவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றார். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஒட்டுக்கேட்பது தொழிலாக உள்ளவரிடம் பூட்டையும் கொடுத்தால் எப்படி?

நானும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்த்தவன். பாஸ்வேர்டு வேறொருவரிடம், திட்டு மட்டும் எனக்கு. ஆனால் நான் ராஜினாமா செய்யவில்லை, தைரியம் போதவில்லை.

பெக்ஸ்ட்ரோமுக்கு முன்பே, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் இணையப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த அமித் யோரான் 2004-இல் ஒரே நாள் நோட்டீஸில் கிளம்பினார். பெக்ஸ்ட்ரோம் சும்மா இருக்கவில்லை. 2009-லேயே இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் தலைமைச் செயல் அதிகாரி ஆகிவிட்டார்.