ரத்தக்காட்டேரிக்கு நிழல் உண்டா?

சினிமா கேள்வி – பதில்

கே: 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப்படத்தைப் பார்த்தேன். வெயில் பட்டால் சாகிற காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியை இடுக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறதே? (ஒரு வாசகர், சிவகாசி)

ப: அது பகல் இல்லை, ராத்திரி. அந்தக் காலத்து பிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். இரவில் தெருவில் கேமராவை வைத்தால் ஒன்றும் பதியாது. அதனால் பகலில் எடுத்துவிட்டு, பிரதியை நீலச் சாயத்தில் முக்கிவிடுவார்கள். திரை நீலமானால் இரவு என்பது அன்றைய ரசிகனுக்குச் சொல்லாமலே தெரியும். பிற்காலத்தில் வெறும் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தவர்கள் சாயத்தை விட்டுவிட்டார்கள். நீங்கள் பார்த்தது அப்படிப்பட்ட பிரதியாக இருக்கும். சாயம் சேர்த்துச் சீரமைத்த பிரதி கிடைக்கிறது, அதைப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெயில் பட்டால் காட்டேரி சாகும் என்ற விதியைச் சினிமாவுக்குக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான். இந்தப் படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் 1897 'டிராகுலா' நாவலில் காட்டேரிக் கோமகன் டிராகுலா லண்டன் பிக்கடில்லியில் பகலிலேயே நடமாடுகிறார். பகலில் மந்திர சக்தி குறையும், அவ்வளவுதான். அவர் சாவது சூரியன் அஸ்தமிக்கிற நேரத்தில், கத்தியால். இயக்குநர் கப்போலாவின் 1992 'டிராகுலா' படத்தில் டிராகுலா பகலில் உலாவுவதைத் தவறு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் நாவலைத்தான் பின்பற்றினார்.

கே: கண்ணாடியில் தெரியாத ஆளுக்குச் சுவரில் மட்டும் நிழல் விழுவது எப்படி? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

ப: நாவலின்படி இரண்டுமே கிடையாது. சினிமா கண்ணாடி விதியை வைத்துக்கொண்டு நிழல் விதியைக் கைகழுவிவிட்டது. காரணம் எளிது: பயமுறுத்த நிழலைவிடச் சிக்கனமான கருவி இல்லை. 1922 படத்தில் மாடிப்படி ஏறுகிற நீண்ட விரல் நிழல்தான் இன்றுவரை போஸ்டர். கப்போலாவின் 1992 படத்தில் கோமகன் டிராகுலா சும்மா நிற்க, அவர் நிழல் மட்டும் விருந்தாளியின் கழுத்தை நோக்கிக் கை நீட்டும். ராபர்ட் எக்கர்ஸின் 2024 'நோஸ்ஃபெராட்டு'வில் ஒரு கையின் நிழல் ஊர் முழுவதும் படர்கிறது.

எடுத்துப் பார்க்க நினைத்தால் ஒரே ஒரு சிறிய விளக்கு போதும். டியூப்லைட், துணி மூடிய விளக்கு எதுவும் வேண்டாம். ஒளி பரந்து வந்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். விளக்கைத் தரையில் வையுங்கள். நடிகர் விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிதாகும். அறையில் வேறு விளக்கு எரிந்தால் நிழல் வெளுத்துவிடும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கே: கல்லூரிக் குறும்படத்துக்குப் பல்லும் ரத்தமும் வேண்டும். கடைப் பல்லைப் போட்டால் வசனம் குழறுகிறது. (ஒரு மாணவர், கோவை)

ப: கடைப் பல் எல்லா வாய்க்கும் ஒரே அளவு, தடிமனும் அதிகம். 'ச', 'ஸ' சொல்லும்போது நாக்கின் நுனி மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டால் குழறத்தான் செய்யும். பல் டாக்டரிடம் அல்லது டென்டல் லேபில் ஆல்ஜினேட்டில் (பல் அச்சு எடுக்கும் பசை) மேல்வரிசைக்கு அச்சு எடுத்து, டென்டல் ஸ்டோன் (கெட்டியாக இறுகும் மாவு) குழைத்து ஊற்றி மாதிரி செய்துகொள்ளுங்கள். அந்த மாதிரியின் மேல் மெழுகில் கோரைப்பல்லைச் செதுக்கி, பிறகு அக்ரிலிக்கில் வார்க்கச் சொல்லுங்கள். பல்லின் முன்பக்கம் மட்டும் மூடட்டும், பின்பக்கம் திறந்திருக்கட்டும். சொந்தப் பல்லைவிட மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீண்டால் போதும். அதற்கு மேல் போனால் உதடு மூடாது, கீழுதட்டில் குத்தும். அக்ரிலிக்கை நேராக வாயில் வைத்து இறுக விடவே கூடாது. இறுகும்போது சூடேறி ஈறு வெந்துவிடும், பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் கழற்றவும் முடியாது.

பல் இல்லாமலும் சமாளிக்கலாம். 1931 'டிராகுலா'வில் பெலா லுகோசி கோரைப்பல்லைக் காட்டவே இல்லை, கண்ணில் விழுந்த ஒளிக்கீற்றே வேலையை முடித்தது. 1958இல் வண்ணத்தில் வந்த 'டிராகுலா'வில் நடித்த கிறிஸ்டோபர் லீக்குப் பிறகுதான் கோரைப்பல் கட்டாயம் போல ஆனது.

ரத்தத்துக்கு பேக்கரிப் பொருள் கடையில் லிக்விட் குளுக்கோஸ் அரை கிலோ வாங்கி, நூறு மில்லி வெந்நீரில் இளக்கி, சிவப்பு ஃபுட் கலர் சேருங்கள். அதோடு நிறுத்தினால் ரோஸ்மில்க் போலத்தான் தெரியும். ஒரு டீஸ்பூன் கோகோ பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள், கருமையும் அடர்த்தியும் வரும். கறை போக வேண்டும் என்று சோப்புத் திரவம் கலந்தால் அதை வாயில் வைக்காதீர்கள். எறும்பு வரும், சட்டை இரண்டு செட் இருக்கட்டும்.

கே: வெயிலில் ஜொலிக்கும் காட்டேரி? (ஒரு வாசகி, மதுரை)

ப: 2008 'ட்விலைட்'. அது காதல் படம். அந்தக் கணக்கில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கே: அழைக்காமல் காட்டேரி வீட்டுக்குள் வராது என்பதை இன்னும் பயன்படுத்துகிறார்களா? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

ப: முன்பைவிட நன்றாகவே. 2008 ஸ்வீடன் படமான 'லெட் தி ரைட் ஒன் இன்'னில், "அழைக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று பையன் காட்டேரிச் சிறுமியிடம் வம்புக்குக் கேட்கிறான். அவள் பதில் பேசாமல் உள்ளே வந்து நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் உடம்பெங்கும் ரத்தம் கசிகிறது. பையன் பதறி, வா என்று சொல்லிவிடுகிறான். பழைய விதிதான், ஆனால் மீறினால் என்ன ஆகும் என்று கண்முன்னே காட்டியதால் புதிதாகிவிட்டது. ரயன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' (2025) 1932ஆம் ஆண்டு மிசிசிப்பியில் நடக்கிறது. அதில் காட்டேரிகள் வாசலில் நின்று பாடி, பேசி, கெஞ்சுகிறார்கள். காட்டேரிக்குப் பூண்டு ஆகாது, அதனால் உள்ளே இருப்பவர்களுக்குள் யார் காட்டேரியாக மாறிவிட்டார்கள் என்று தெரிய ஆளுக்கொரு பூண்டு தின்ன வேண்டும். கிராஃபிக்ஸ் எதுவும் இல்லாமல், ஒவ்வொருவரும் மெல்லுவதைக் காட்டியே நெஞ்சை அடைக்க வைக்கிறார்.

கே: வேதாளம்தானே நம் ஊர் வேம்பயர்? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

ப: இல்லை. 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை 'வேம்பயர்' ஆக்கினார். குழப்பத்தில் அவருக்கும் பங்கு உண்டு. நம் வேதாளம் பிணத்தில் புகுந்து தொங்கும், கதை சொல்லும், விடுகதை போடும், மறுபடி முருங்கைமரம் ஏறும். ராஜாவின் கழுத்தைக் கடிப்பதில்லை. காட்டேரியும் பொருந்தாது, பல ஊர்களில் படையல் போட்டுக் கும்பிடுகிற தெய்வம் அது. இந்தப் பத்தியிலேயே நாமும் பழக்கத்தில் காட்டேரி என்று எழுதித் தொலைக்கிறோம். சப்டைட்டில் எழுதுகிறவர்களாவது வேம்பயர் என்றே விட்டுவிடலாம்.